நுண்துளைப் பொருள் மாடல் சொதப்பும்போது: அறிகுறியைப் பார்த்து எங்கே கைவைப்பது

குருத்தெலும்பு, ஹைட்ரோஜெல், மூளைத் திசு, ஸ்பாஞ்ச், ஈரக் களிமண் எல்லாவற்றிலும் நடப்பது ஒன்றுதான். மெத்தென்ற ஒரு திடச் சட்டகம் இருக்கிறது, அதன் துளைகளில் திரவம் இருக்கிறது. சட்டகத்தை அமுக்கினால் திரவம் ஓடும். திரவத்தைத் தள்ளினால் சட்டகம் நெளியும். பயோ என்ற ஆய்வாளர் 1941-ல் எழுதிய சமன்பாடுகளையோ அவற்றின் பெரிய உருமாற்ற வடிவத்தையோ கணினியில் போட்டு, இடப்பெயர்ச்சியையும் துளை அழுத்தத்தையும் சேர்த்துத் தீர்ப்பவர்களுக்கு இந்தக் குறிப்பு. கோட்பாட்டு விளக்கம் இதில் இல்லை. அறிகுறி, அதற்கான காரணங்கள் (செலவில்லாததில் தொடங்கி), எப்படிச் சோதிப்பது, எப்போது வேறொருவரைக் கூப்பிடுவது, அவ்வளவுதான்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இந்த இரண்டு

ஒன்று: காலத்தைக் கையால் கணக்கிடுங்கள். ஊடுருவுதிறனைத் திரவத்தின் பாகுநிலையால் வகுத்தால் வரும் எண்ணை இங்கே ஒழுகுதிறன் என்று சொல்கிறேன். பக்கவாட்டில் விரிய விடாமல் அமுக்கும்போது கிடைக்கும் விறைப்பு அடைப்புக் குணகம். இரண்டையும் பெருக்கினால் இறுகல் குணகம். திரவம் வெளியேற ஓட வேண்டிய தூரத்தின் வர்க்கத்தை இதனால் வகுத்தால் உங்கள் பிரச்சினையின் கால அளவு வந்துவிடும்.

குருத்தெலும்பு மாதிரி ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். அடைப்புக் குணகம் 0.5 மெகாபாஸ்கல், ஒழுகுதிறன் 10⁻¹⁵ மீ⁴/நியூட்டன்·நொடி. பெருக்கினால் 5×10⁻¹⁰ மீ²/நொடி. தடிமன் 2 மி.மீ., மேல்முகத்தில் மட்டும் வடிகால் என்றால் கால அளவு 8,000 நொடி, இரண்டு மணி நேரத்துக்கும் மேல். 10 நொடி ஓடவிட்டு "ஒன்றுமே மாறவில்லையே" என்று சால்வரை (சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரலை) திட்டுவதில் அர்த்தமில்லை. இந்த எடுத்துக்காட்டைக் கீழேயும் பயன்படுத்துவேன்.

இரண்டு: டெர்சாகியின் தூணை ஓடவிடுங்கள். பக்கங்களும் அடியும் அடைத்த ஒரு தூண், மேலே வடிகால், மேலே திடீர் லோடு. விடை எல்லோருக்கும் தெரிந்தது. பரிமாணமற்ற காலம் (நேரத்தை மேலே சொன்ன கால அளவால் வகுத்தது) 0.197 ஆகும்போது பாதி அமிழ்வு, 0.848 ஆகும்போது 90 சதவீதம். ஆரம்பத்தில் அமிழ்வு காலத்தின் வர்க்கமூலத்தோடு வளரும். நம் எடுத்துக்காட்டில் பாதி அமிழ்வு சுமார் 1,580 நொடியிலும் 90 சதவீதம் சுமார் 6,780 நொடியிலும் வர வேண்டும்.

தூண் சரியாக வந்தால் சமன்பாடும் குறிகளும் யூனிட்டும் பெரும்பாலும் சரி. கோளாறு உங்கள் வடிவத்திலோ எல்லை நிபந்தனையிலோ இருக்கிறது. தூணே தப்பாக வந்தால் பெரிய மாடலைத் தொடாதீர்கள். அதைத் திருத்தும்வரை கீழே உள்ள எதைச் செய்தாலும் இருட்டில் தேடுவதுதான்.

## அறிகுறி: துளை அழுத்தம் மேலும் கீழுமாகத் துள்ளுகிறது

அதிகம் கேட்கப்படும் கோளாறு இதுதான், அதிகம் தப்பாக வைத்தியம் பார்க்கப்படுவதும் இதுதான். முதலில் துள்ளல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பார்ப்பதற்கு முன் படம் வரையும் மென்பொருளில் சராசரியாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் துள்ளலில் பாதி கண்ணில் படாது.

### வடிகால் முகத்தின் அருகே மட்டும், முதல் சில ஸ்டெப்களில் மட்டும்

மெஷ் என்பது உடலை எலிமென்ட் என்ற சிறு துண்டுகளாகப் பிரித்த வலை, துண்டுகள் சந்திக்கும் புள்ளிகள் நோடுகள். டைம் ஸ்டெப் மெஷ்ஷுக்குப் பொருந்தாத அளவுக்குச் சிறியது. ஆம், சிறியது. துள்ளலைப் பார்த்தவுடன் எல்லோருக்கும் கை தானாக டைம் ஸ்டெப்பைக் குறைக்கப் போகும். இங்கே குறைக்கக் குறைக்க நிலைமை மோசமாகும். தானியங்கி ஸ்டெப் கட்டுப்பாடும் இதே தப்பைத்தான் செய்யும்.

காரணம் எளிது. லோடு விழுந்த கணத்தில் உள்ளே முழு அழுத்தம், முகத்தில் பூஜ்யம். இந்தச் சரிவு மெல்ல உள்ளே பரவுகிறது. நம் எடுத்துக்காட்டில் 0.01 நொடியில் அது சுமார் 2 மைக்ரோமீட்டர்தான் போயிருக்கும். எலிமென்ட் 100 மைக்ரோமீட்டர் என்றால், இவ்வளவு மெல்லிய சரிவை அந்த எலிமென்ட்டால் காட்டவே முடியாது. அதனால் அடுத்த நோடில் அழுத்தம் மேலே எகிறுகிறது, அதற்கடுத்ததில் கீழே போகிறது.

வெர்மீரும் வெருய்ட்டும் 1981-ல் கொடுத்த வரம்பைப் பயன்படுத்துங்கள்: பின்னோக்கு ஆய்லர் முறைக்கு (மாற்றத்தைப் புதிய ஸ்டெப்பின் மதிப்புகளை வைத்தே கணக்கிடுவது), டைம் ஸ்டெப் குறைந்தது (எலிமென்ட் அளவு)² ÷ (6 × இறுகல் குணகம்) இருக்க வேண்டும். 0.1 மி.மீ. எலிமென்ட்டுக்கு இது 3.3 நொடி. இந்த வரம்பு ஒற்றைப் பரிமாண நேரியல் எலிமென்ட்டுக்கு எழுதப்பட்டது. இரண்டு, மூன்று பரிமாணங்களில் வழிகாட்டி எண்ணாக வைத்துக்கொள்ளலாம்.

- முதல் 3 நொடியில் நடப்பது உங்களுக்கு முக்கியமில்லை என்றால் முதல் ஸ்டெப்பைப் பெரிதாக்குங்கள், அப்புறம் ஸ்டெப்பைப் படிப்படியாகக் கூட்டுங்கள். செலவே இல்லை.
- முக்கியம் என்றால் வடிகால் முகத்தின் அருகே மெஷ்ஷை நெருக்குங்கள். 0.01 நொடி ஸ்டெப்புக்கு முகத்தை ஒட்டிய எலிமென்ட் சுமார் 5.5 மைக்ரோமீட்டருக்குள் இருக்க வேண்டும். உடல் முழுக்க நெருக்கத் தேவையில்லை. முகத்திலிருந்து உள்ளே போகப்போக அகலட்டும்.
- உண்மையான சோதனைக் கருவி எதுவும் பூஜ்ய நேரத்தில் லோடு கொடுப்பதில்லை. அது எடுத்துக்கொள்ளும் நேரத்தையே மாடலிலும் கொடுத்தால் பாதிக் கோளாறு போய்விடும்.

### உடல் முழுக்கச் சதுரங்கக் கட்டமாக

அடுத்தடுத்த நோடுகளில் அழுத்தம் மாறிமாறி ஏறி இறங்குகிறது, மெஷ்ஷை நெருக்கினாலும் கட்டம் சின்னதாகிறதே தவிரப் போகவில்லை. இது எலிமென்ட் தேர்வுக் கோளாறு. இடப்பெயர்ச்சிக்கும் அழுத்தத்துக்கும் ஒரே படி பல்லுறுப்பைப் பயன்படுத்தியிருப்பீர்கள். ஊடுருவுதிறன் குறைவாகவும் திரவம் அமுங்காததாகவும் இருந்தால், ஆரம்பக் கணங்களில் இந்த ஜோடி அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்காது.

சோதனை: ஊடுருவுதிறனை ஆயிரம் மடங்கு கூட்டி ஒருமுறை ஓடவிடுங்கள். கட்டம் மறைந்தால் நோய் இதுதான்.

மருந்துகளில் மலிவானது டெய்லர்–ஹுட் ஜோடி: இடப்பெயர்ச்சிக்கு இருபடி, அழுத்தத்துக்கு ஒருபடி. ஃபெனிக்ஸ் போன்ற நூலகங்களில் ஓரிரு வரி மாற்றம். நேரியல் நான்முகி மெஷ்ஷை விட முடியாத நிலை என்றால் (ஸ்கேனிலிருந்து வந்த உடலமைப்பு மெஷ் பெரும்பாலும் இப்படித்தான்) அழுத்தச் சமன்பாட்டில் ஒரு நிலைநிறுத்தும் உறுப்பைச் சேர்க்க வேண்டும். அதன் கெழுவைப் பெரிதாக வைத்தால் இல்லாத கசிவு ஒன்று உள்ளே நுழைந்துவிடும். கெழுவைப் பத்து மடங்கு கூட்டியும் குறைத்தும் பாருங்கள். உங்களுக்கு வேண்டிய விடை அசைந்தால் அந்தக் கெழு இன்னும் சரியில்லை.

துள்ளலை அடக்க, திரவத்துக்குப் பொய்யாக ஒரு அமுங்குதன்மை கொடுப்பவர்களும் உண்டு. படம் அழகாகிவிடும். ஆனால் லோடு விழுந்த கணத்தின் அழுத்தம் குறையும், அதோடு வெளியேறும் திரவத்தின் கணக்கும் கெடும். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

### இரண்டு அடுக்குகள் சேரும் கோட்டில் மட்டும்

ஊடுருவுதிறன் ஆயிரம் மடங்கு வேறுபடும் இரண்டு அடுக்குகள் ஒட்டியிருந்தால் அந்த இடத்திலும் அழுத்தச் சரிவு செங்குத்தாக இருக்கும். மெஷ் கோடு அடுக்கின் எல்லையோடு சரியாகப் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். பொருந்துகிறது என்றால் ஊடுருவுதிறன் குறைந்த அடுக்கின் பக்கம் நெருக்குங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் திரவ ஓட்டத்தையும் தனி அறியாமதிப்பாக எடுக்கும் மூன்று-புல வடிவத்துக்கு மாற வேண்டும். ராவியார்–தாமஸ் எலிமென்ட்டுகள் இதற்குத்தான். அறியாமதிப்புகளின் எண்ணிக்கை கூடும், சால்வரும் கனக்கும்.

### இடத்தில் அல்ல, காலத்தில் ஆடுகிறது

ஒரு ஸ்டெப்பில் ஏறி, அடுத்ததில் இறங்கி, மீண்டும் ஏறுகிறது. கிராங்க்–நிக்கல்சன் முறை (பழைய, புதிய ஸ்டெப்களின் சராசரியை எடுப்பது) ஓடுகிறதா? திடீர் லோடுக்குப் பிறகு அது இப்படி ஆடும். முதல் சில ஸ்டெப்களைப் பின்னோக்கு ஆய்லரில் ஓட்டிவிட்டு அப்புறம் மாறுங்கள்.

எப்போது கூப்பிடுவது: டெய்லர்–ஹுட் ஜோடி, வரம்புக்கு மேலான ஸ்டெப், இரண்டும் இருந்தும் நீங்களே எழுதிய நிரலில் கட்டம் தெரிந்தால் எண்முறைக் கணிதம் தெரிந்தவரிடம் போங்கள். போகும்போது முழு மாடலைக் கொண்டுபோகாதீர்கள். கோளாறு தெரியும் மிகச் சிறிய மெஷ், பத்து எலிமென்ட் போதும்.

## அறிகுறி: கால அளவு அபத்தமாக இருக்கிறது

ஒரு நொடியில் எல்லாம் வடிந்துவிடுகிறது, அல்லது ஒரு மாதமானாலும் வடியவில்லை. கையால் போட்ட கணக்கோடு ஒப்பிட்டு எத்தனை மடங்கு தப்பு என்று பாருங்கள். அந்த மடங்கே குற்றவாளியைக் காட்டிக்கொடுத்துவிடும்.

- 4 மடங்கு: வடிகால் தூரம். இரண்டு பக்கமும் வடிகால் என்றால் தடிமனில் பாதிதான் தூரம்.
- 2 முதல் 4 மடங்கு: அடைப்புக் குணகத்துக்குப் பதில் யங் குணகம். பாய்ஸான் விகிதம் 0.4 என்றால் அடைப்புக் குணகம் யங் குணகத்தைப்போல 2.14 மடங்கு, 0.45 என்றால் 3.79 மடங்கு.
- 1,000 மடங்கு: நீரின் பாகுநிலை, சுமார் 10⁻³ பாஸ்கல்·நொடி. அதை இரண்டு முறை வகுத்திருப்பீர்கள், அல்லது வகுக்கவே இல்லை.
- சுமார் 10,000 மடங்கு: நீரின் எடையடர்த்தி, 9,810 நியூட்டன்/மீ³. நீர்க் கடத்துதிறனை ஒழுகுதிறன் என்று கொடுத்திருக்கிறீர்கள்.
- சுமார் ஒரு கோடி மடங்கு: மீ²-ல் உள்ள உள்ளார்ந்த ஊடுருவுதிறனும் மீ/நொடி-யில் உள்ள நீர்க் கடத்துதிறனும் இடம் மாறிவிட்டன.
- பத்து லட்சம், அல்லது அதன் வர்க்கம்: மி.மீ. – மீட்டர் குழப்பம்.

ஒரே பொருளை மூன்று விதமாகச் சொன்னால் இப்படி இருக்கும்: உள்ளார்ந்த ஊடுருவுதிறன் 10⁻¹⁸ மீ², ஒழுகுதிறன் 10⁻¹⁵ மீ⁴/நியூட்டன்·நொடி, நீர்க் கடத்துதிறன் 9.81×10⁻¹² மீ/நொடி. ஆய்வுக் கட்டுரைகளில் மூன்றுக்குமே "ஊடுருவுதிறன்" என்றுதான் எழுதுவார்கள். எண்ணைப் பார்த்து எடுக்காதீர்கள், யூனிட்டைப் பார்த்து எடுங்கள்.

மென்பொருட்களும் ஒத்துப்போவதில்லை. ஃபீபியோ ஒழுகுதிறனை நேரடியாகக் கேட்கும். அபாகஸ் நீர்க் கடத்துதிறனையும் திரவத்தின் எடையடர்த்தியையும் தனித்தனியாகக் கேட்டு உள்ளே வகுத்துக்கொள்ளும். மி.மீ., நியூட்டன், நொடி அளவில் நம் எடுத்துக்காட்டின் ஒழுகுதிறன் 10⁻³ மி.மீ⁴/நியூட்டன்·நொடி, அபாகஸில் 9.81×10⁻⁹ மி.மீ./நொடி என்றும் 9.81×10⁻⁶ நியூட்டன்/மி.மீ³ என்றும் கொடுத்தால் அதே விடை வர வேண்டும். எடையடர்த்தியை 1 என்று வைத்து ஒழுகுதிறனையே கொடுத்துவிடும் குறுக்குவழியும் உண்டு. புவியீர்ப்பு மாடலில் இல்லாதவரை அது பிழைக்கும்.

யூனிட் சரி, ஆனாலும் வடியவே இல்லை: வடிகால் முகத்தில் அழுத்தம் பூஜ்யம் என்று நீங்கள் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாத முகம் அடைபட்ட முகம்; இடப்பெயர்ச்சி–அழுத்த வடிவத்தில் இயல்பு நிலை அதுதான். உடனே வடிந்துவிடுகிறது: "எல்லா வெளிமுகமும்" என்று தேர்வு செய்யும்போது சமச்சீர் தளமோ நடு அச்சோ அதில் சேர்ந்து வடிகாலாகிவிட்டது. முகங்களை ஒவ்வொன்றாக வண்ணமிட்டுப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை.

இந்த அறிகுறிக்கு யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

## அறிகுறி: முதல் ஸ்டெப்பிலேயே சால்வர் கைவிரிக்கிறது

பிடிமானம் இல்லை. உடல் மொத்தமாக நகரவோ சுழலவோ வழி இருக்கிறது. திரவத்தை அணைத்துவிட்டு வெறும் சட்டகத்தை மட்டும் தீர்த்துப் பாருங்கள். அதுவும் தோற்றால் காரணம் இதுதான்.

அழுத்தத்துக்கு ஆதாரப் புள்ளி இல்லை. எல்லா முகத்திலும் இடப்பெயர்ச்சியைக் கொடுத்து, எல்லா முகத்தையும் அடைத்து, திரவமும் தானியங்களும் (சட்டகத்தின் திடத் துகள்களும்) அமுங்காதவை என்று வைத்தால், அழுத்தத்தோடு எந்த மாறிலியைக் கூட்டினாலும் அது விடைதான். ஒரு முகத்துக்கு வடிகால் கொடுங்கள், இல்லாவிட்டால் சராசரி அழுத்தத்தைப் பிடித்து வையுங்கள்.

நடக்க முடியாததைக் கேட்கிறீர்கள். மேலே சொன்ன அதே அமைப்பில் மேல்முகத்தைக் கீழே தள்ளினால் திரவம் எங்கே போகும்? இதற்கு விடையே கிடையாது. எந்த சால்வரும் தராது.

பாய்ஸான் விகிதம் 0.49 அல்லது 0.5. மென்திசு அமுங்காதது என்று படித்துவிட்டு இதைக் கொடுப்பவர்கள் நிறைய. அந்த 0.5 திரவம் வெளியேற நேரமில்லாத கணத்தில் முழுக் கலவை காட்டும் மதிப்பு. இங்கே கேட்பது வடிந்து முடிந்த சட்டகத்தின் விகிதம். குருத்தெலும்புக்கு அது 0.5-லிருந்து வெகு தூரம். பூஜ்யத்தை ஒட்டிய மதிப்புகள்கூட அளக்கப்பட்டிருக்கின்றன. அமுங்காத தன்மையைத் திரவமே கொண்டுவந்துவிடும், சட்டகத்திலும் சேர்த்தால் இரட்டை எண்ணிக்கை.

எண்களின் அளவு. ஒரு மூலையில் 10⁶, இன்னொரு மூலையில் 10⁻¹⁵ இருக்கும் அணி எந்த சால்வரையும் திணறடிக்கும். நீளத்தைத் தடிமனாலும், தகைவையும் அழுத்தத்தையும் அடைப்புக் குணகத்தாலும், காலத்தை நீங்கள் முதலில் கணக்கிட்ட கால அளவாலும் வகுத்துவிடுங்கள். எல்லாக் கெழுக்களும் 1-க்கு அருகில் வந்துவிடும். அரை நாள் வேலை. இதை ஒருமுறை செய்தவர்கள் பழைய பழக்கத்துக்குத் திரும்ப மாட்டார்கள்.

சால்வர் வகை. மாடல் சின்னதென்றால் நேரடி சால்வர் போடுங்கள். பல லட்சம் அறியாமதிப்பு என்றால் மறுசெய்கை சால்வரும், இடப்பெயர்ச்சியையும் அழுத்தத்தையும் தனித்தனிக் கட்டமாகப் பார்க்கும் முன்நிபந்தனையும் (அணியைத் தீர்க்க எளிதாக்கும் முன்மாற்றம்) வேண்டும். இதை அமைப்பது தனித் தொழில். நேரடி சால்வரில் ஓடும் சிறிய மாடல் கையில் இருக்கும்போதே தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி: திடத்தையும் திரவத்தையும் மாறிமாறித் தீர்க்கும்போது விடை வெடிக்கிறது

உங்களிடம் ஒரு திடப் பொருள் நிரலும் ஒரு ஓட்ட நிரலும் தனித்தனியாக இருக்கின்றன, ஒன்றின் விடையை மற்றதற்குக் கொடுத்து மாற்றி மாற்றி ஓட்டுகிறீர்கள். சில சுற்றுகளில் எண்கள் விண்ணுக்குப் போகின்றன.

அழுத்தத்தை அசையாமல் பிடித்துவைத்து முதலில் சட்டகத்தைத் தீர்க்கிறீர்களா? மெத்தென்ற பொருளுக்கு அது வேலைக்கு ஆகாது. நீரின் பரும விறைப்பு சுமார் 2.2 கிகாபாஸ்கல், சட்டகம் 0.5 மெகாபாஸ்கல், துளைகளின் பங்கு 0.8 என்று வைத்தால் இணைப்பு வலு (நீரின் விறைப்பைத் துளைப் பங்காலும் சட்டக விறைப்பாலும் வகுத்தது) சுமார் 5,500. இந்த வரிசைக்கு அது 1-க்குள் இருக்க வேண்டும். டைம் ஸ்டெப்பைக் குறைத்தாலும் இந்த வரம்பு நகராது என்பதுதான் பலரை அலைக்கழிக்கிறது. பாறைக்கு ஓடிய நிரலை ஹைட்ரோஜெல்லுக்கு எடுத்துவந்தால் இப்படித்தான் ஆகும்.

வரிசையை மாற்றுங்கள். முதலில் திரவம், அப்போது சராசரித் தகைவை மாறாமல் பிடியுங்கள். ஓட்டச் சமன்பாட்டின் சேமிப்பு உறுப்பில் பயோ கெழுவின் (துளை அழுத்தத்தில் எவ்வளவு பங்கு மொத்தத் தகைவில் சேருகிறது என்ற எண்) வர்க்கத்தைச் சட்டகத்தின் பரும விறைப்பால் வகுத்துச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் மாற்றம். இந்த நிலைத்-தகைவு முறை நேரியல் பிரச்சினையில் நிபந்தனையின்றி நிலையானது. அதிலும் சுற்றுகள் மிக அதிகமாகின்றன என்றால் இரண்டையும் ஒரே அணியில் சேர்த்துத் தீர்க்கும் மென்பொருளுக்கு மாறுவது மலிவு.

## அறிகுறி: பாதி வரை நன்றாக ஓடி, பெரிய அமுக்கத்தில் செத்துவிடுகிறது

முதலில் பார்க்க வேண்டியது: நேரியல் கோட்பாட்டிலா ஓட்டுகிறீர்கள்? சில சதவீதத் திரிபுக்கு மேல் போனால் அதை நம்பாதீர்கள். அது சாகாமல் ஓடி முடிந்தால்கூட விடை தப்பாக இருக்கும்.

துளைகள் எதிர்மறையாகின்றன. திடப் பகுதி அமுங்காதது என்றால் ஓரிடத்தின் பருமம் எவ்வளவு சுருங்கலாம் என்பதற்கு ஒரு தரை உண்டு. ஆரம்பத் துளைப் பங்கு 0.8 என்றால் பருமம் ஆரம்பப் பருமத்தின் 0.2 மடங்குக்குக் கீழே போகவே முடியாது. அங்கே துளை முழுதும் மூடிவிட்டது. ஆனால் வழக்கமான நியோ-ஹூக் சட்டகத்துக்கு (பெரிய உருமாற்றத்துக்கான எளிய மீள்விதி) இது தெரியாது. பருமம் பூஜ்யத்தை நெருங்கும்போதுதான் அது எதிர்ப்புக் காட்டும். அதனால் மாடல் 0.2-ஐத் தாண்டிப் போய், எதிர்மறைத் துளையோடு சில ஸ்டெப் ஓடி, அப்புறம் விழும். செத்த ஸ்டெப்பைப் பார்க்காதீர்கள். அதற்கு முன் எங்காவது துளைப் பங்கு 0.05-க்குக் கீழ் போயிற்றா என்று தேடுங்கள்.

ஊடுருவுதிறன் மாறாமல் நிற்கிறது. அமுங்கினால் துளை சுருங்கும், ஓட்டம் குறையும், திரவம் சட்டகத்தைத் தாங்கும். மாறாத ஊடுருவுதிறன் வைத்தால் இந்தத் தாங்கல் இல்லாமல் வடிகால் முகம் நொறுங்கிவிடும். கொசெனி–கார்மன் உறவு (துளைப் பங்கின் கனத்தைத் திடப் பங்கின் வர்க்கத்தால் வகுப்பது) அல்லது திசுக்களுக்கு ஹோம்ஸ்–மோவ் உறவு போடுங்கள். இரண்டிலும் துளை மூடும்போது ஊடுருவுதிறன் பூஜ்யமாகிறது.

மெஷ் மடிகிறது. வடிகால் முகத்தை ஒட்டிய எலிமென்ட்டுகள்தான் அதிகம் நசுங்கும். ஆரம்பத்திலேயே அவை மெல்லியதாக இருந்தால் சீக்கிரம் தலைகீழாகும். துள்ளலுக்காக மேலே நெருக்கச் சொன்ன அதே எலிமென்ட்டுகள்தான் இவை, இரண்டு தேவைகளும் இங்கே முட்டிக்கொள்ளும். லோடை மெதுவாக ஏற்றுவது இரண்டுக்கும் உதவும்.

எப்போது கூப்பிடுவது: துளை மூடுவதை எதிர்க்கும் புதிய சட்டக விதி ஒன்றை நீங்களே எழுதி, அதன் தொடுகோட்டு அணியையும் (திரிபு மாறினால் தகைவு எவ்வளவு மாறும் என்பது) எழுத வேண்டிய நிலை வந்தால். தொடுகோட்டைக் கையால் வகையிட்டது சரிதானா என்று வேறுபாட்டு முறையால் சரிபார்க்காமல் மட்டும் போய் நிற்காதீர்கள், முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

## அறிகுறி: நடுவில் அழுத்தம் ஆரம்ப மதிப்பையும் தாண்டி ஏறுகிறது

கோளாறு இல்லை, கைவைக்காதீர்கள். லோடு மாறாமல் நிற்க, ஓரங்கள் முதலில் வடிந்து மென்மையாகின்றன. அவை சுருங்கும்போது இன்னும் வடியாத நடுப்பகுதி மேல் கூடுதல் சுமை விழுகிறது. மாண்டெல் 1953-ல் ஒரு பலகைக்கும் கிரையர் 1963-ல் ஒரு கோளத்துக்கும் காட்டியது இதுதான். டெர்சாகியின் தூணில் இது வராது. மாண்டெல் சோதனையில் உங்கள் நிரல் இந்த ஏற்றத்தைக் காட்டவில்லை என்றால்தான் கவலை: இணைப்பு எங்கோ அறுந்திருக்கிறது.

லோடை எடுத்தவுடன் எதிர்மறை அழுத்தம் வருவதும் இயல்பு, பொருள் திரவத்தை உள்ளே உறிஞ்சுகிறது. ஆனால் அமுக்கும்போதே எதிர்மறை வந்தால் குறி தப்பு. மொத்தத் தகைவு = சட்டகத் தகைவு − பயோ கெழு × அழுத்தம் என்பது இழுவையை நேர்மறையாக எடுக்கும் வழக்கம். மண் இயக்கவியல்காரர்கள் அமுக்கத்தை நேர்மறையாக எடுப்பார்கள். இரண்டு புத்தகங்களிலிருந்து பாதிப் பாதி எடுத்தால் இப்படி வரும்.

## அறிகுறி: திரவக் கணக்கு பொருந்தவில்லை

திரவமும் தானியமும் அமுங்காதவை என்றால், வெளியேறிய திரவம் பருமச் சுருக்கத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு ஸ்டெப்பிலும் இதை அச்சிடுங்கள். ஓட்டத்தை அழுத்தச் சரிவிலிருந்து வகையிட்டுக் கணக்கிட்டிருந்தால் முகத்தில் அது கரடுமுரடாகத்தான் வரும். எதிர்வினையிலிருந்து (அழுத்தத்தைக் கட்டிவைத்த நோடுகளில் சமன்பாட்டில் மிஞ்சும் எண்) எடுத்தால் பொருந்தும். அப்படியும் பொருந்தாவிட்டால் நிலைநிறுத்தும் உறுப்பின் கெழுவைச் சந்தேகியுங்கள். பெரிய உருமாற்றத்தில் இன்னொரு காரணம் உண்டு: திரவ வேகத்தைச் சட்டக வேகத்தோடு ஒப்பிட்டு எடுக்காமல் தனியாக எடுத்திருப்பீர்கள். டார்சியின் விதி சொல்வது ஒப்பு ஓட்டத்தை.

## அறிகுறி: எல்லாம் சரி, சோதனைத் தரவோடு மட்டும் ஒத்துவரவில்லை

இங்கேதான் அதிக நேரம் வீணாகிறது. நிரல் சரியாக இருக்கிறது என்று தெரிந்தபின் எண்களைத் திருகித் திருகிப் பொருத்தப் பார்ப்பார்கள்.

### உச்ச விசை மிகக் குறைவாக வருகிறது

பக்கவாட்டில் திறந்த உருளையை வழுக்கும் தட்டுகளுக்கிடையே அமுக்குகிறீர்கள். நேரியல், எத்திசையும் ஒத்த மாடலில் உச்ச விசைக்கும் இறுதி விசைக்கும் உள்ள விகிதம் 3 ÷ (2 × (1 + பாய்ஸான் விகிதம்)). பாய்ஸான் விகிதம் எதிர்மறையாக இல்லாதவரை 1.5-ஐத் தாண்டாது. உங்கள் குருத்தெலும்புத் தரவில் விகிதம் 5 என்றால் ஊடுருவுதிறனை எவ்வளவு மாற்றினாலும் அங்கே போய்ச் சேர முடியாது. இழுவையில் விறைப்பாகவும் அமுக்கத்தில் மென்மையாகவும் இருக்கும் நார்களைச் சேர்க்க வேண்டும். தேர்வுமுறை நிரலை இரவு முழுக்க ஓடவிடுவதற்கு முன் இந்த ஒரு வகுத்தலைச் செய்துவிடுங்கள்.

தட்டுகள் உண்மையில் வழுக்குகின்றனவா என்பதும் கேள்வி. ஒட்டிக்கொண்டால் விசை ஏறும். இரண்டு எல்லை நிலைகளிலும் ஓட்டி, தரவு இடையில் விழுகிறதா என்று பாருங்கள்.

### ஒரு மாதிரிக்குப் பொருந்துகிறது, அளவு மாறினால் பொருந்தவில்லை

தளர்வு திரவ ஓட்டத்தால் வருகிறதா, சட்டகமே பாகுமீள்தன்மை உடையதா என்று கேட்க வேண்டிய இடம். திரவத்தால் என்றால் தளர்வு நேரம் நீளத்தின் வர்க்கத்தோடு கூடும்: விட்டத்தை இருமடங்காக்கினால் நேரம் நான்கு மடங்கு. சட்டகத்தால் என்றால் நேரம் மாறாது. இரண்டு வெவ்வேறு விட்டத்தில் மாதிரி வெட்டிச் சோதித்தாலே தெரிந்துவிடும். மாடலை மாற்றுவதைவிட இது மலிவு. இரண்டும் கலந்திருந்தால் சட்டக விதியில் பாகு உறுப்பும் வேண்டும்.

### அழுத்தத்தைக் கூட்டினாலும் ஓட்டம் அந்த அளவுக்குக் கூடவில்லை

திரவத்தை மாதிரி வழியே தள்ளும் சோதனையில் இது எதிர்பார்க்க வேண்டியது. ஓட்டம் சட்டகத்தை வெளியேறும் முகத்தை நோக்கி நெரிக்கிறது, அங்கே துளை சுருங்கி வழி அடைகிறது. மாறாத ஊடுருவுதிறனை விட்டுவிட்டு மேலே சொன்ன உறவுகளில் ஒன்றைப் போடுங்கள். மாறாக, ஓட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகம் என்றால் மாதிரிக்கும் குழாய்ச் சுவருக்கும் இடையில் கசிகிறது. அதற்கு மாடலில் மருந்து இல்லை.

### பல எண்-ஜோடிகள் ஒரே அளவு நன்றாகப் பொருந்துகின்றன

இறுகும் வேகம் ஒழுகுதிறனையும் குணகத்தையும் பெருக்கிய எண்ணை மட்டுமே தரும். ஒன்றை இருமடங்காக்கி மற்றதைப் பாதியாக்கினால் அதே வேகம்தான். எல்லாவற்றையும் ஒன்றாகப் பொருத்தாதீர்கள். முழுதும் தளர்ந்த இறுதி விசையிலிருந்து குணகத்தை முதலில் எடுத்துப் பூட்டிவிடுங்கள், அப்புறம் காலத்திலிருந்து ஒழுகுதிறனை எடுங்கள். இறுதி நிலை வரும்வரை சோதனையை நடத்தவில்லை என்றால் (நம் 2 மி.மீ. மாதிரிக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல்) இந்தத் தரவிலிருந்து இரண்டையும் நம்பகமாகப் பிரிக்க முடியாது.

எப்போது கூப்பிடுவது: சோதனை செய்தவரை முதல் நாளே கூப்பிடுங்கள். தட்டு நுண்துளை உடையதா, ஆரம்பத்தில் எவ்வளவு முன்-அமுக்கம் கொடுத்தார்கள், மாதிரி எந்த உப்புக் கரைசலில் இருந்தது என்று கேளுங்கள். குருத்தெலும்புபோல மின்சுமை உள்ள பொருள் உப்புச் செறிவு மாறினாலே வீங்கும், சுருங்கும். அது முக்கியமென்றால் அயனிகளையும் சேர்த்துத் தீர்க்கும் மாடல் வேண்டும், அதற்கு அந்தத் துறையில் பழகியவர் கூட இருப்பது நல்லது. விடையை வைத்து ஒரு அடித்தளமோ ஒரு உள்வைப்போ முடிவாகப் போகிறது என்றால், வேறொருவர் வேறொரு மென்பொருளில் அதே பிரச்சினையைத் தனியாக ஓட்டட்டும். உங்கள் உள்ளீட்டுக் கோப்பை அவருக்குக் கொடுக்காதீர்கள். பிரச்சினையின் விவரத்தை மட்டும் யூனிட்டோடு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.